பேருந்து ஏறுவதற்கு முன்: அனைத்துலக மாணவர் பரிமாற்றத்திற்குத் தமிழ்ப்பள்ளிகள் எதைத் தயார் செய்ய வேண்டும்?

பள்ளி வாசலில் பேருந்து நிற்கிறது. ஒரே நிறத்தில் டி-சட்டை, கழுத்தில் பெயர் அட்டை, முன்வரிசையில் பதாகையைப் பிடித்தபடி நான்கு பிள்ளைகள். பெற்றோர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் செய்தி வருகிறது: இன்ன தமிழ்ப்பள்ளியைச் சேர்ந்த இத்தனை மாணவர்கள் அனைத்துலக மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கலந்துகொள்ள வெளிநாடு புறப்பட்டனர். ஐந்து நாளில் திரும்பி வருகிறார்கள். இன்னொரு படம். அதோடு சரி.

எதைக் கொடுத்தார்கள், எதை வாங்கி வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கை மாற வேண்டும். ஒரு பள்ளியில் ஒன்றரை மணி நேரம் வரவேற்பு, நினைவுப் பரிசு, குழுப்படம். மீதி நான்கு நாள் விலங்குத் தோட்டமும் பேரங்காடியும் என்றால் அதற்குச் சுற்றுலா என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குச் சுற்றுலா கிடைப்பதும் நல்லதுதான், அதில் குற்றம் இல்லை. ஆனால் பரிமாற்றம் என்று சொல்லி நன்கொடை திரட்டினால், பரிமாற்றம் நடந்ததா என்று கேட்கும் உரிமை பத்து வெள்ளி கொடுத்தவருக்கும் உண்டு.

அண்மைய ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளுக்காக வெளிநாடு சென்று பதக்கங்களோடு திரும்பும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பாராட்ட வேண்டியவைதான். ஆனால் போட்டிக்குப் போவது வேறு, பரிமாற்றத்திற்குப் போவது வேறு. போட்டிக்கு மூன்று பேர் கொண்ட குழுவைப் பயிற்றுவித்தால் போதும். பரிமாற்றத்திற்குப் பள்ளியே தயாராக வேண்டும்.

இந்தப் பேச்சை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் மார்ச் மாதத்திற்குத் தள்ளிப் போன மலேசியப் பள்ளித் தவணை, 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு எப்போதும் ஜனவரியில்தான் தொடங்குகிறது. 2014 முதல் வெள்ளி, சனி என்று இருந்த ஜொகூரின் வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறாக மாறியது. அதாவது ஜொகூர்ப் பள்ளிகளும் சிங்கப்பூர்ப் பள்ளிகளும் இப்போது ஒரே மாதத்தில் தொடங்கி ஒரே ஐந்து நாள் வகுப்பு நடத்துகின்றன. இதோடு, புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குச் சுமார் ஐந்து நிமிடத்தில் செல்லும் ஆர்டிஎஸ் ரயில் பாதையும் தயாராகி வருகிறது. 2027இல் புதிய பள்ளிப் பாடத்திட்டம் அறிமுகமாக இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தடையாக இருந்த சில சின்னச் சின்னச் சங்கடங்கள் விலகிவிட்டன. தயாரிப்புதான் பாக்கி.

முதலில் ஒரு தெளிவு தேவை. பெயர் பெற்ற பரிமாற்றத் திட்டங்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானவை அல்ல. 1947இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கிய ஏஎஃப்எஸ் அமைப்பு மலேசியாவிலும் இயங்குகிறது. அதன் வழியாக ஓராண்டோ சில மாதங்களோ வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கிப் படிப்பவர்கள் பொதுவாக 15 முதல் 18 வயதுக்காரர்கள். ரோட்டரி சங்கங்களின் இளையோர் பரிமாற்றமும் ஏறக்குறைய அதே வயதினருக்குத்தான். தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மலாய் மொழித் தேர்ச்சி போதாத சிலர் புதுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்கிறார்கள். நான்காம் படிவத்தில் பரிமாற்றத் திட்ட விண்ணப்பம் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு வரும்போது, அதைக் கையில் எடுக்கும் துணிவு அந்தப் பிள்ளைக்கு இருக்குமா என்பது, பத்து வயதில் அது அந்நியர் ஒருவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தமிழ்ப்பள்ளியின் பங்கு அங்கேதான். ஓராண்டுப் பரிமாற்றம் அதன் வேலை அல்ல. குறுகிய வருகை, இணையவழிக் கூட்டு வகுப்பு, விருந்தினரை ஏற்பது ஆகிய மூன்றும் அதனால் முடியும்.

தமிழ்ப்பள்ளி கொடுக்கக் கூடியது

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு தொடர்பு என்றதும் ஆசிரியர் அறையில் எழும் முதல் பயம் ஆங்கிலம். ‘நம்ம பிள்ளைங்க பேசுமா?’ அந்தப் பயத்தை மறைக்கப் பள்ளிகள் செய்யும் ஏற்பாடு எல்லாருக்கும் தெரிந்ததே. நன்றாக ஆங்கிலம் பேசும் இரண்டு பிள்ளைகளுக்கு உரையை மனப்பாடம் செய்யக் கொடுப்பது, மற்றவர்களுக்கு நடனம். இரண்டு மாதம் ஒத்திகை நடக்கிறது. போன இடத்தில் நடனம் ஆடிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருகிறார்கள்.

ஆங்கிலத்திற்கு உழைக்க வேண்டியது உண்மை. ஐரோப்பிய மொழித்தர அளவீட்டின்படி ஆறாம் ஆண்டு முடிக்கும் மாணவர் ஏ2 நிலையை எட்ட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் இலக்கு. தன்னைப் பற்றியும் தன் வீடு, பள்ளி, அன்றாட வேலை பற்றியும் எளிய வாக்கியங்களில் பேசும் நிலை அது. அதற்கு மேடைப் பேச்சு உதவாது. மாதம் இருமுறை இன்னொரு பள்ளிப் பிள்ளையோடு இருபது நிமிடம் பேசினால் உதவும். (முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ‘சூப்பர் மைண்ட்ஸ்’ இறக்குமதிப் பாடநூலில் வரும் பிள்ளைகளைவிட, திரையில் கை ஆட்டும் உயிருள்ள பிள்ளை எவ்வளவோ மேல்.)

ஆனால் தமிழ்ப்பள்ளியிடம் வேறொரு சொத்து இருக்கிறது. அதைப் பள்ளிகளே சொத்தாக நினைப்பதில்லை. இருமொழிப் பாடத்திட்ட வகுப்புகள் நீங்கலாக, இங்கே அறிவியலும் கணிதமும் தமிழில் நடக்கின்றன. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது, பின்னத்தைப் பின்னத்தால் எப்படி வகுப்பது என்று ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தடுமாறாமல் தமிழில் விளக்குகிறது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. தமிழ் கற்பித்தலுக்கு அங்கே நல்ல வசதிகளும் இருக்கின்றன. உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற ஓரிடம் இங்கே இல்லை. ஆனால் அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். வீட்டில் தமிழை அதிகம் பேசுவோரின் விகிதம் குறைந்திருப்பதை 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அங்குள்ள தமிழாசிரியர்கள் தேடுவது, தமிழை வகுப்புக்கு வெளியே இயல்பாகப் பேசும் சம வயதுப் பிள்ளைகளை. அப்படிப்பட்ட பிள்ளைகள் குளுவாங், லாபிஸ், சிகாமட் தோட்டப்புறப் பள்ளிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆக, இரண்டு பள்ளிகள் சந்திக்கும்போது ஒன்று கொடுப்பவர், மற்றது வாங்குபவர் என்ற நிலை இல்லை. அவர்களிடம் ஆங்கிலமும் ஆய்வுக்கூட வசதியும் இருக்கின்றன. இவர்களிடம் தமிழ் இருக்கிறது. இதை உணர்ந்து பேச்சைத் தொடங்கும் தலைமையாசிரியர் வேறு குரலில் பேசுவார்.

என்ன பாடத்தைச் சேர்ந்து செய்யலாம்? மழையை எடுத்துக்கொள்ளலாம். நேரான சுவருள்ள ஒரு பாட்டில், ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் செலவு. விடியற்காலையில் மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது; பட்டை நனைந்து பால் வழிந்து போகும். எத்தனை நாள் மழை என்பது மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரியும். இது தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடநூலுக்கு முன்பே தெரிந்த அறிவியல். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் சுமத்ரா பக்கமிருந்து விடியலில் வரும் காற்றுமழை தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் தாக்குகிறது. அதே காற்றுமழை இங்கே ஒருவரின் அன்றைய கூலியைப் பறிக்கிறது, அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளையின் காலணியை நனைக்கிறது. இரண்டு பள்ளிகளும் எட்டு வாரம் தினமும் மில்லிமீட்டர் கணக்கில் மழையை அளந்து, வெள்ளிக்கிழமை திரையில் ஒப்பிட்டால் அட்டவணை, சராசரி, வரைபடம், வானிலை, பேச்சு எல்லாம் வந்துவிடும். ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியிலிருந்து அடுத்த வாரப் பாடம் பிறக்கும். ‘மழை பெய்தால் உங்கள் அப்பாவுக்குச் சம்பளம் இல்லையா?’ என்று சிங்கப்பூர்ப் பிள்ளை கேட்டால், அதற்குப் பதில் சொல்வதைவிடப் பெரிய சமூகவியல் பாடம் ஐந்தாம் ஆண்டில் இல்லை.

இதற்குப் புதிய செயலியும் வாங்க வேண்டாம். கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கணக்கு இருக்கிறது. பள்ளியில் ஒரு மடிக்கணினியும் திரையும் இருந்தால் வகுப்பே பேசலாம். இணையம் மந்தமான தோட்டப் பள்ளியில் குரல்பதிவும் படமும் அனுப்பிக்கொள்ளலாம். நேரலைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நாடு எது என்பதில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. லண்டன் பள்ளியோடு தொடர்பு என்றால் செய்திக்கு அழகு. ஆனால் நேர வித்தியாசம் ஏழெட்டு மணி நேரம். இங்கே வகுப்பு முடியும்போது அங்கே பிள்ளைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஜப்பானோடு ஒரு மணி நேர வித்தியாசம், சிங்கப்பூரோடு இல்லை. இலங்கையோடு இரண்டரை மணி நேரம். மலேசியாவில் காலை 10:30 என்றால் அங்கே 8:00. நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளை மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் ஏன் இதுவரை பெரிதாகத் தேடவில்லை என்பது வியப்புக்குரியது. கங்காணி முறையில் கடல் கடந்த அதே வரலாறு, லயன் வீடு என்ற அதே சொல், பயிர் மட்டும்தான் வேறு. கெடா பள்ளிகள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி. அவர்களுக்குக் கூட்டு வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரைதான் முடியும்.

கடப்பிதழும் 1,700 ரிங்கிட்டும்

இணையத்தில் ஓராண்டு பழகிய பிறகு நேரில் போகும் பேச்சு வரும். இங்கேதான் பள்ளிகள் அதிகம் தவறுகின்றன. அதுவும் கேட்டால் சங்கடப்படும் இடத்தில்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். பயணக் கட்டணம் ஒரு பிள்ளைக்கு 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒருவரே வேலை செய்யும் வீட்டில் அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகம். பள்ளி சுற்றறிக்கை அனுப்புகிறது: விருப்பமுள்ளவர்கள் இன்ன தேதிக்குள் முன்பணம் கட்டவும். கட்டக் கூடியவர்கள் கட்டுகிறார்கள். பட்டியல் தயார். பிறகு அந்தப் பட்டியலுக்குத் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள்’ என்று பெயர். யார் தேர்ந்தெடுத்தார்கள்? பணம் தேர்ந்தெடுத்தது. பெயர் கொடுக்காத பிள்ளை அன்று வீட்டில் எதுவும் சொல்லாமல் சுற்றறிக்கையைப் பையிலேயே வைத்துக்கொள்ளும். ஆசிரியர்களுக்கு இது தெரியும்.

ஒழுங்கான வழி தலைகீழானது. முதலில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு பணத்தைத் தேட வேண்டும். மழைக் கணக்கை ஒரு நாளும் விடாமல் எழுதியவர், திரையில் கேள்வி கேட்டவர், கேட்கத் தயங்கியும் கடிதம் எழுதியவர் என்று ஓராண்டு உழைப்பிலிருந்து பட்டியல் வர வேண்டும். செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் பள்ளிக் கணக்கில் ஒரே நிதியாகத் திரட்டி, யாருக்கு எவ்வளவு உதவி என்பதைத் தலைமையாசிரியர், சங்கத் தலைவர், பொருளாளர் மூவர் மட்டும் அறிந்தால் போதும். எந்தப் பிள்ளை நன்கொடையில் போகிறது என்பதை மாதிரிக் காசோலையோடு படம் எடுத்து ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. மாதிரிக் காசோலையின் நீளத்திற்கும் அதிலுள்ள தொகைக்கும் பல நேரம் தொடர்பு இருப்பதில்லை என்பது வேறு விஷயம். பயணம் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்; தனிப்பட்டவரின் வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டு நிதி கேட்கும் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும்.

அடுத்தது கடப்பிதழ். 12 வயது வரையிலான பிள்ளைக்குக் கட்டணம் 100 ரிங்கிட், அதற்கு மேல் 200. ஐந்தாண்டு செல்லும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் அப்பாவோ அம்மாவோ வேலையை விட்டுவிட்டுக் குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியிருப்பது. நாள் கூலியில் உள்ளவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பெற்றோர் பிரிந்து, பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால் பாதுகாவலர் பத்திரம் இருக்கிறதா என்ற கேள்வி எழும். பல வீடுகளில் இருக்காது. பயணத்திற்கு மூன்று வாரம் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை கழன்றுவிடும். ஓராண்டுக்கு முன்பே நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவரின் பத்திர நிலையையும் பள்ளி பார்த்துவைத்தால், பெற்றோர்களை ஒரே நாளில் வேனில் அழைத்துப்போய் வேலையை முடிக்கலாம்.

இப்படிப் பார்க்கும்போது சில பள்ளிகளில் வேறொன்றும் வெளியே வரும். பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று அச்சிடப்பட்ட பிள்ளை. இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்து, நெகாராகூ பாடும் பிள்ளைதான். பெற்றோரின் திருமணம் பதிவாகாமல் போனது, தாயிடம் அடையாள ஆவணம் இல்லாதது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அந்தப் பிள்ளைக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. குடியுரிமைக்குத் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகும். பரிமாற்றத் திட்டத்திற்கு ஆறு மாதத்தில் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் பள்ளி அதைக் கண்டுகொண்ட நாளிலேயே விண்ணப்பத்தைத் தொடங்க உதவினால், பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கு வழி திறந்திருக்கக் கூடும். வெளிநாட்டுப் பயணத்திற்காகத் தொடங்கிய பத்திரச் சோதனை, ஒரு பிள்ளையின் இடைநிலைப்பள்ளிச் சேர்க்கைக்கும் அடையாள அட்டைக்கும் உதவியாக முடிந்தால், பயணமே நடக்காவிட்டாலும் அந்த உழைப்பு வீணில்லை. அதுவரை அந்தப் பிள்ளையைத் திட்டத்திலிருந்து ஒதுக்கவும் தேவையில்லை. மற்றவர்கள் போயிருக்கும் ஐந்து நாளும் இங்குள்ள மழைக் கணக்கையும் திரைவழி வகுப்பையும் நடத்தும் குழு ஒன்று வேண்டும். அது ஆறுதல் பரிசு போலத் தெரியாமல், தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் பாதியாக இருக்க வேண்டும்.

விருந்தினர் வரும்போது

போவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, வருபவர்களை ஏற்பதைப் பற்றிப் பள்ளிகள் பேசுவதில்லை. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அவர்கள் இங்கே வருவது மலிவு, இங்கிருந்து அங்கே போவது செலவு. அப்படியிருக்க, முதல் வருகை இங்கேதான் நடக்க வேண்டும் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். பள்ளிக்கு வரும் முப்பது பேரைப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் சந்திப்பார்கள். வெளிநாடு போனால் சந்திப்பது பத்துப் பதினைந்து பேர் மட்டுமே.

‘எங்க பள்ளியில என்ன இருக்கு காட்ட?’ என்ற தயக்கம் வரும். வண்ணம் பூசி, வாடகைக்கு நாற்காலி எடுத்து, கூடாரம் போட்டு, பிரமுகரை அழைத்து இரண்டு மணி நேரம் உரை நிகழ்த்த வைப்பது அந்தத் தயக்கத்திலிருந்து பிறக்கும் தவறு. வருபவர்கள் பார்க்க விரும்புவது சாதாரண நாளை. செய்ய வேண்டிய செலவு ஒன்றே ஒன்று: கழிப்பறை. தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா, சோப்பு இருக்கிறதா. அது விருந்தினருக்காக மட்டும் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட வேண்டும். வரும் குழுவில் மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கலாம். ஹலால், சைவம், மாட்டிறைச்சி தவிர்ப்பவர், கச்சான் ஒவ்வாதவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாணவர் வீட்டில் இரவு தங்கவைக்கும் ஏற்பாடு தொடக்கப்பள்ளி வயதுக்குத் தேவையில்லை. ஆசிரியர் ஒருவர் துணையோடு மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு வீட்டுக்குப் போய் மதிய உணவு சாப்பிட்டு வருவது போதும். அதற்கும் வீட்டாரை ஆசிரியர் முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையை எந்தப் பெரியவரோடும் தனியே விடக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே 2017இல் இந்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. தெரிந்த வீடுதானே என்ற வாதம் இதில் செல்லாது. லயன் வீட்டில் இடம் இல்லையே என்று வெட்கப்படும் தாயிடம் ஆசிரியர் சொல்ல வேண்டியது, வருபவர்கள் உட்காரப் பாய் இருந்தால் போதும் என்பதுதான். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முருங்கை மரமே ஒரு காட்சி.

பேருந்து பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே நடந்த விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. வாடகை குறைவு என்பதற்காகப் பேருந்தைத் தேர்வு செய்யும் காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். உரிமம், ஓட்டுநரின் ஓய்வு நேரம், இருக்கை வார், இரவுப் பயணம் வேண்டாம் என்ற நிபந்தனை ஆகியவற்றைச் சங்கம் எழுத்தில் வாங்க வேண்டும். பெற்றோர் கையொப்பமிடும் அனுமதிக் கடிதத்தோடு இந்தத் தாளின் நகலும் போக வேண்டும்.

இனி நாட்காட்டிக்கு வருவோம். இரு நாட்டுத் தவணையும் ஒத்துப்போவதால் கூட்டு வகுப்பு எளிது. வருகைக்கு அதுவே இடைஞ்சல். பள்ளி விடுமுறையில் வெளிநாடு போகும் குழு பார்ப்பது பெரும்பாலும் பூட்டிய பள்ளியைத்தான். தங்களுக்கு விடுமுறையாகவும் அவர்களுக்குப் பள்ளி நாளாகவும் உள்ள நாட்களைத் தேட வேண்டும். சிங்கப்பூரில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. அவர்களின் மார்ச், செப்டம்பர் வாரங்களில் இங்கே பள்ளி நடந்தால் அவர்கள் இங்கே வரலாம். அவர்களின் தொடக்கநிலை ஆறு மாணவர்களுக்கு ஆண்டிறுதியில் பெரிய தேர்வு இருப்பதால், நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே இரு பக்கமும் பொருத்தம்.

மாணவர் குறைந்த பள்ளிகள் என்ன செய்வது? 150 பேருக்கும் குறைவானவர்கள் படிக்கும் பள்ளிகள் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம். ஐந்தாம் ஆண்டில் ஆறு பேர் மட்டும் இருக்கும் பள்ளி, முப்பதுக்கும் மேற்பட்டோர் உள்ள வகுப்போடு தனியாக ஈடுகொடுக்க முடியாது. ஒரே மாவட்டத்தில் மூன்று நான்கு சிறிய பள்ளிகள் சேர்ந்து ஒரு குழுவாகப் போனால் எண்ணிக்கையும் சேரும், ஆசிரியர்களும் சேர்வார்கள். தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகளுக்குள் உள்ள பழைய விளையாட்டுப் போட்டிப் பகையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும், அவ்வளவே.

பெரிய ஆபத்து பணத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நடக்கின்றன. வெளிநாட்டு ஆசிரியரின் எண் அவர் கைபேசியில், கடிதங்கள் அவர் மின்னஞ்சலில். அவர் மாற்றலாகிப் போனதும் திட்டமும் மாற்றலாகிவிடுகிறது. இரண்டு ஆசிரியர் பொறுப்பு, பள்ளி மின்னஞ்சல், அலுவலகத்தில் ஒரு கோப்பு ஆகிய மூன்றும் இருந்தால் அடுத்து வரும் தலைமையாசிரியர் தொடரலாம். வெளிநாட்டுப் பயணத்திற்கு மாவட்ட, மாநிலக் கல்வி இலாகாக்கள் வழியாக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால், விமானச் சீட்டோ பேருந்தோ பதிவு செய்வதற்கு முன்பே அந்தக் கோப்பு நகரத் தொடங்க வேண்டும். அனுமதி வருமுன் பெற்றோரிடம் பணம் வாங்கிவிட்டு, பிறகு இலாகாவைக் குறை சொல்வதில் பயனில்லை.

2027இல் ஒரு வருகை நடக்க வேண்டுமென்றால் வேலை இவ்வாண்டே தொடங்க வேண்டும். முதல் கடிதத்தில் எத்தனை பேர் வருகிறோம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். எங்கள் பள்ளியில் அறிவியல் தமிழில் நடக்கிறது, ஐந்தாம் ஆண்டில் பதினொரு பேர் இருக்கிறார்கள், உங்கள் தமிழ் வகுப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதினால் போதும்.